கம்பெனி இருக்கும் சிற்றூரா, ஸ்டுட்கார்ட்டா, நடுவில் ஆலனா?

என் சித்தப்பா மகனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆர்டர் வந்ததிலிருந்து மன்னார்குடி வீட்டில் பேச்சு இது ஒன்றுதான். வேலை ஓபர்கோகன் என்கிற ஊரில். மொத்த ஜனமே எட்டாயிரம் பேர் போலத்தான். "எட்டாயிரம் பேர் இருக்கிற ஊர்ல போயி என்னடா பண்ணப் போற, பெரிய ஊரா பாத்து வீடு எடு" என்கிறார் சித்தப்பா. அவர் மனதில் இருப்பது ஸ்டுட்கார்ட். "முதல்ல நீ மட்டும் போ, ஒரு வருஷம் கழிச்சு பொண்டாட்டி புள்ளைய கூட்டிக்க" என்கிறார் சித்தி. கம்பெனி எச்.ஆர். அனுப்பிய மெயிலில் ஓபர்கோகனிலேயே வீடு பார்க்க உதவுவதாக இருக்கிறது. வேலை கிடைத்த தம்பியோ மேப்பைத் திறந்து, அங்கிருந்து பத்து நிமிட ரயில் தூரத்தில் இருக்கும் ஆலன் என்ற ஊரைக் காட்டுகிறான். ஆக நான்கு வழி. நானும் என் வீட்டுக்காரரும் அதே வட்டாரத்தில் சில வருடங்கள் குடும்பம் நடத்திவிட்டு வந்தவர்கள் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. அவர்களிடம் சொன்னதை, இதே மாதிரி ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு யோசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

டெல்டாவுக்கு வெளிநாடு புதிதில்லை. கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்றே பெயர். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடங்கள் சிங்கப்பூர், பினாங்கு, துபாய் என்று காதில் தமிழ் விழும் ஊர்கள். சிராங்கூன் ரோட்டில் இறங்கினால் வாழை இலை முதல் மல்லிகைப்பூ வரை வாங்கலாம். ஜெர்மனிக் கணக்கு வேறு. அங்கே பெரிய கம்பெனிகள் சிற்றூர்களில் இருக்கும். லென்ஸுக்குப் பேர்போன கார்ல் சைஸ் (Zeiss) நிறுவனத்தின் தலைமையகமே ஓபர்கோகனில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் யேனா நகரிலிருந்து அமெரிக்கப் படை கூட்டிவந்த நிபுணர்களை வைத்து 1946-ல் அங்கே தொடங்கினார்கள். அடிடாஸும் பூமாவும் ஹெர்ட்சோகெனாவ்ராக் என்கிற சிற்றூரில், மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. வால்டார்ஃபில். சின்ன ஊர் என்றதும் வேலையும் சின்ன வேலையாக இருக்குமோ என்ற பயம் சித்தப்பாவுக்கு இருந்தது. அந்தப் பயம் வேண்டாம்.

வீட்டில் எல்லோரும் வாடகை எவ்வளவு, சம்பளத்தில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, தம்பி மனைவி மட்டும் வேறு கேள்வி கேட்டாள். "அண்ணி, பகல் முழுக்க நான் அங்க என்ன செய்வேன்?" என் கணக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். வேலைக்குப் போகிறவனுக்கு எந்த ஊரானாலும் ஆபீஸ் இருக்கிறது, கூட வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், கேன்டீன் இருக்கிறது. ஊர் நல்லதா கெட்டதா என்பது பகலில் வீட்டில் இருக்கிறவளுக்குத்தான் தெரியும். இவள் நீடாமங்கலத்தில் கணக்கு டீச்சர். காலையில் பஸ் ஏறி, வகுப்பெடுத்து, நாலு பேரோடு பேசி, சாயந்திரம் வீடு திரும்பிப் பழகியவள். கூட மூன்று வயதுப் பெண் குழந்தை. ஆகவே நான்கு வழிகளையும் இந்த இருவரின் பகல் பொழுதை வைத்துத்தான் பார்த்தேன்.

சித்தி சொன்ன வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வளைகுடாவுக்குப் போனவர்கள் குடும்பத்தை விட்டுவிட்டுப் போனதற்குக் காரணம் இருந்தது. சம்பளம் ஒரு அளவுக்கு மேல் இருந்தால்தான் அங்கே குடும்ப விசா. அப்பாவைப் போனில் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் பக்கம் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். தம்பிக்குக் கிடைப்பது ப்ளூ கார்டு, அதாவது படித்த வேலைக்காரர்களுக்குத் தரும் விசா. அதில் மனைவிக்கு விசா எடுக்க முன்கூட்டியே ஜெர்மன் பரீட்சை எழுத வேண்டியதில்லை. போன நாளிலிருந்து அவளும் வேலை பார்க்கலாம். அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் தம்பி சேர்ந்தால், வருமானம் இல்லாத மனைவியும் குழந்தையும் கூடுதல் கட்டணம் இல்லாமல் அதிலேயே வந்துவிடுவார்கள். மனைவி அங்கேயே வசித்தால் வருமான வரிப் பிடித்தமும் குறையும், ஊரில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை. குழந்தைக்கு மாதம் 259 யூரோ அரசாங்கம் தரும். பிரிந்திருப்பதால் பணம் மிஞ்சும் என்பது இங்கே பொருந்தாது. தம்பி ஓரிரு மாதம் முன்னால் போய் வீடு பார்த்து வைக்கட்டும், அது நியாயம். ஒரு வருஷம் வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்தது ஸ்டுட்கார்ட். ஆறு லட்சம் பேர் வாழும் நகரம். 1983 கலவரத்துக்குப் பிறகு ஜெர்மனி வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் அங்கே கடைகளும் கோயிலும் நடத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளி உண்டு. இட்லி அரிசி, உளுந்து, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். கடையில் நின்று ஐந்து நிமிடம் தமிழில் பேசிவிட்டு வந்தால் அந்த வாரமே லேசாகிவிடும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்கவும் பெரிய நகரத்தில்தான் முடியும்.

ஆனால் வேலை இருப்பது ஓபர்கோகனில். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆலனுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், அங்கே மாறி இன்னும் பத்து நிமிடம். இரண்டு பக்கமும் நடை, காத்திருப்பு சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும் மாதாந்திர டிக்கெட் இப்போது 63 யூரோதான் (2023-ல் தொடங்கியபோது 49), அதனால் பணம் பிரச்சினை இல்லை. நேரம்தான் பிரச்சினை. ஜெர்மன் ரயில் சொன்ன நிமிடத்துக்கு வரும் என்று நாம் கேட்டதெல்லாம் பழைய கதை, இப்போது தாமதம் சகஜம். தம்பி காலை ஆறரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு ஆகும். குளிர்காலத்தில் இரண்டுமே இருட்டில். அவள் அத்தனை நேரமும் குழந்தையோடு ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக. வாடகை நாட்டிலேயே அதிகமான நகரங்களில் அதுவும் ஒன்று. வீடு பார்க்கப் போனால் ஒரே வீட்டுக்குப் பலர் வரிசையில் நிற்பார்கள். அவளுக்கே ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்திருந்தால் நான் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருப்பேன். தமிழ்க் கடைக்காக மட்டும் அங்கே குடியிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போய் வாங்கி வந்துவிடலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இனி ஓபர்கோகன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பயப்படுவதும் இதற்குத்தான், அவசரப்பட்டு ஒதுக்குவதும் இதைத்தான்.

சிற்றூரில் தம்பி நடந்தே வேலைக்குப் போவான். மதியம் வந்து ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். சாயந்திரம் ஐந்து மணிக்குக் குழந்தையோடு இருப்பான். இந்த ஒன்றே மற்ற எல்லாவற்றையும் எடைபோடும்போது கனமாக நிற்கிறது. ஊர் ஆபீஸில் கூட்டம் கிடையாது. குடிவந்து இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களில் அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, இங்கே பெரும்பாலும் அதே வாரத்தில் முடிந்துவிடும். ஒரு வயது முடிந்த எந்தக் குழந்தைக்கும் பகல் காப்பகத்தில் இடம் கேட்கும் உரிமை 2013 முதல் சட்டப்படி உண்டு. உரிமை இருந்தாலும் நகரங்களில் இடத்துக்கு அலைய வேண்டும். சிற்றூரில் கிண்டர்கார்ட்டன் டீச்சரே அடுத்த தெருவில் இருப்பார், நேரில் போய்க் கேட்கலாம். பல இடங்களில் மதியத்தோடு மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா வேலைக்குப் போக நினைத்தால் அது இடிக்கும்.

அந்த வட்டாரத்தில் கேர்வோகே என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அடுக்குமாடியில் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுக்காரர் பொது மாடிப்படியையும் வாசலையும் பெருக்க வேண்டும். யார் முறையோ அந்த வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். எங்கள் கதவில் முதல்முறை தொங்கியபோது நான் விடியற்காலையிலேயே எழுந்து, மாடிப்படியைப் பெருக்கித் துடைத்து, தெரு வாசலையும் பெருக்கினேன். நமக்கு இது பிறந்ததிலிருந்து தெரிந்த வேலைதானே. கீழ்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அதுவரை 'ஹலோ' மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று மதியம் ஆப்பிள் கேக் ஒரு தட்டில் வைத்து எடுத்து வந்தார். அவரிடம்தான் நான் ஜெர்மன் பேசக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் இலக்கணம் படித்தேன், பேச்சு அவர் சமையலறையில் வந்தது. சிற்றூரில் ஆங்கிலம் எடுபடாது என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். உண்மைதான். அதனாலேயே ஜெர்மன் சீக்கிரம் வரும். அதற்குப் பலனும் உண்டு. ப்ளூ கார்டில் இருப்பவர் பி1 என்கிற நடுத்தர அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், வெறும் ஏ1, அதாவது ஆரம்ப நிலை மட்டும் என்றால் 27 மாதம். இவள் டீச்சர். என்றாவது அங்கே ஒரு வகுப்பறையில் நிற்க நினைத்தால் மிக உயர்ந்த அளவு மொழி வேண்டும், அந்தப் பாதையை முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கோகர் என்ற ஆற்றின் ஊற்று ஓபர்கோகனை ஒட்டி இருக்கிறது. மலையடிவாரத்துப் பாறையிலிருந்து தண்ணீர் பொங்கி வந்து, அங்கிருந்தே ஆறாக ஓடுகிறது. அந்த ஆறு நெக்கரில் கலந்து, நெக்கர் ரைன் நதியில் சேர்கிறது. மேட்டூர் திறந்தார்களா, தண்ணீர் கல்லணை தாண்டியதா, நம் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று ஜூன் மாதம் முழுக்கக் காத்திருந்து பழகிய கடைமடைக்காரர்களுக்கு அதைப் பார்க்க மனம் நிறைந்துவிடும். ஆடிப்பெருக்கு அங்கே நல்ல கோடையில் வரும். எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போய் ஊற்றுக்கரை மரநிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். கீழ்வீட்டு அம்மாவும் ஒரு வருஷம் வந்தார். தயிர் சாதத்தை மட்டும் அவர் தொடவில்லை. தண்ணீரில் பூ, காப்பரிசி எதையும் விடக் கூடாது, கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

சரி, கஷ்டங்களையும் சொல்கிறேன். சாயந்திரத்துக்கு மேல் பஸ் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சொல்லவே வேண்டாம். கடைகளும் அன்று மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். கார் இல்லாமல் சிற்றூரில் ரொம்ப நாள் ஓட்ட முடியாது. நம் ஊர் லைசென்ஸ் அங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் புதிதாக முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். செலவு கணிசமாக ஆகும். குழந்தை டாக்டர் எல்லாச் சிற்றூரிலும் இருக்க மாட்டார், இருந்தாலும் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று சொல்வார்கள். ராத்திரி காய்ச்சல் என்றால் 116117-க்கு அழைக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் 112.

எல்லாவற்றையும்விடப் பெரியது குளிர்காலம். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். நவம்பரில் தெருவில் ஆளே இருக்க மாட்டார்கள். மன்னார்குடியில் ராஜகோபாலசாமி கோயில் வீதியில் நாலு அடி வைத்தால் நாலு பேர் "எங்க கெளம்பிட்டீங்க" என்று கேட்பார்கள், அங்கே ஒரு நாள் முழுக்க யாருமே ஒரு வார்த்தை கேட்காமல் போகும். அந்த மாதங்களில் மனசு சோர்ந்து போவதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. வீட்டில் சும்மா இருப்பதற்கு என்ன அலுப்பு என்று கேட்பவர்களும் உண்டு. இதைத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். மக்கள் கல்லூரி என்று ஊருக்கு ஊர் மாலை வகுப்பு நடத்துவார்கள், கட்டணம் குறைவு. மொழி மட்டுமில்லாமல் தையல், நீச்சல், சமையல் எல்லாம் இருக்கும். அதில் சேர்ந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே போக ஒரு காரணம் கிடைக்கும். அந்த இரண்டு மாலையும் குழந்தையை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும், ஓவர்டைம் பேச்சே கூடாது.

அப்புறம் ஆலன். மக்கள்தொகை எழுபதாயிரத்துக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய நம் மன்னார்குடி அளவு. மாவட்ட அலுவலகம், பெரிய மருத்துவமனை, குழந்தை டாக்டர்கள், மக்கள் கல்லூரி எல்லாம் அங்கேயே. தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று இருப்பதால் வெளிநாட்டு மாணவர்கள் நடமாட்டம் உண்டு. கொத்தமல்லி, வெண்டைக்காய், பருப்பு எல்லாம் துருக்கிக் கடையில் கிடைக்கும். தம்பிக்கு வேலை பத்து நிமிட ரயிலில். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர முடியாது, மற்றபடி சாயந்திரம் ஆறு மணிக்குள் வந்துவிடலாம். ஸ்டுட்கார்ட் தமிழ்க் கடைக்கு நேர் ரயில். கார் இல்லாமல் முதல் வருடத்தை ஓட்டிவிடலாம் என்பது பெரிய நிம்மதி. அவள் குழந்தையைக் கிண்டர்கார்ட்டனில் விட்டுவிட்டு நடந்தே வகுப்புக்குப் போய்வர முடியும். அந்த ஒரு காட்சி என் கண்முன் வந்ததும் நான் முடிவுக்கு வந்துவிட்டேன். ஓபர்கோகனில் குழந்தைக்கு முழுநாள் இடம் உறுதி என்று எச்.ஆர். எழுத்தில் தந்தால் மட்டும் அங்கே. இல்லையென்றால் ஆலன், அதிலும் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில். தனியாளாகப் போகிறவர்களுக்கும், லைசென்ஸ் எடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கை உள்ளவர்களுக்கும் சிற்றூரையே சொல்வேன்.

வீடு விஷயத்தில் சில. விளம்பரத்தில் போடும் வாடகை பெரும்பாலும் ஹீட்டிங், தண்ணீர் சேராத தொகை. அதைச் சேர்த்து எவ்வளவு என்று கேட்க வேண்டும். அட்வான்ஸ் அந்த அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது. பல வீடுகளில் சமையலறை என்று நான்கு சுவரும் ஒரு குழாயும்தான் இருக்கும். அடுப்பு, அலமாரி, சிங்க் எல்லாம் நாம்தான் போட வேண்டும், அல்லது முன்னால் இருந்தவரிடம் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் சமையலறை உள்ள வீடாகவே பார்ப்பது நல்லது. முதலில் தற்காலிகமாகத் தங்கும் வீட்டில் முகவரிப் பதிவுக்கு ஓனர் கையெழுத்துப் போட்டுத் தருவாரா என்று கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம். அந்தப் பதிவு இல்லாமல் வரி எண், பேங்க் கணக்கு எதுவும் நகராது.

நம் சமையலுக்கு அங்கே ஒரு எதிரி பூஞ்சை. குக்கர் ஆவி, இட்லிக் கொப்பரை ஆவி, குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமல் இருப்பது எல்லாம் சேர்ந்து, சுவர் மூலையில் கறுப்பாகப் படரும். வீடு காலி செய்யும்போது ஓனர் அட்வான்ஸில் கை வைப்பார். சமைக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, முடிந்ததும் எல்லா ஜன்னலையும் ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்துவிட்டு மூட வேண்டும். எவ்வளவு பனி பெய்தாலும் சரி. அரைகுறையாகத் திறந்து வைத்தால் சுவர்தான் குளிரும், ஈரம் போகாது.

எப்போது போவது என்பதிலும் என் யோசனை ஒன்று உண்டு. நவம்பரில் குடும்பத்தோடு போய் இறங்கக் கூடாது. தம்பி மார்ச்சில் கிளம்பினால், அவள் ஏப்ரலில் பள்ளிக்கூட வருஷத்தை முடித்துவிட்டு மே மாதம் போய்ச் சேரலாம். ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம், பார்க்கில் குழந்தைகள், வெளியே உட்கார்ந்து பேசும் அக்கம்பக்கம். முதல் குளிர் வருவதற்குள் நாலு முகம் பழகியிருக்கும். அதுவரை இங்கேயே ஏ1 முடித்துவிடு என்றேன், ஆன்லைன் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

சித்தி நெய்யும் கறிவேப்பிலையும் மாம்பழமும் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள் எதையும் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது, நெய்யும் அதில் அடக்கம். பச்சை இலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, சுண்டைக்காய் வற்றல், வடாம் இவற்றை எடுத்துப் போகலாம், காபி ஃபில்டரை மறக்கக் கூடாது. அதைவிட அவசரம், கல்யாணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ். கோயில் ரசீது செல்லாது. அப்புறம் நம் இனிஷியல் முறையால் தம்பி பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் சித்தப்பா பெயர், அவள் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர், குழந்தைக்குத் தம்பி பெயர். மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர் என்றால் அங்கே ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நின்று விளக்க வேண்டியிருக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் இரண்டிலும் பெற்றோர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, திருத்தம் இருந்தால் விசாவுக்குக் கொடுக்கும் முன்பே செய்துவிட வேண்டும்.